காஜாவுக்கு ஒரு கொப்பு

அனுப்பர்பாளையம்,
8.9.2008

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

காஜா பகலிலும் ஒற்றைக் காலில் நிற்கிறது.

முதலில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூங்கும்போது பறவைகள் ஒரு காலை மடக்கிக்கொள்ளும். ஆனால் காஜா விழித்திருக்கும்போதும் இடது காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. கீழே ஊன்றினால், சுடுமணலில் மிதித்ததுபோல உடனே தூக்கிவிடுகிறது. கூண்டில் கூட இருக்கும் பட்டன் அப்படி இல்லை. அது வழக்கம்போலக் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு என்னை வைகிறது.

நான் செல்லத்தாய். கீழே பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் டேபிளில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன், நீங்கள் பார்த்திருக்கலாம். நீங்கள் காங்கேயம் போன பிறகு முதலாளி வந்து, "இனி நீ மேல ஊட்டு வேலையப் பாரு கண்ணு. அந்தக் கிளிகளுக்கும் தீனி வையி. மத்த வாயாடிகள விட்டா பாப்பா ரூம்புல போயி நோண்டுவாளுக" என்றார். நான் எதையும் நோண்டவில்லை. பாப்பாவின் பள்ளிக்கூடப் பை, கட்டில், மாலை போட்ட படம், கூண்டு எல்லாம் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன.

விஷயம் அந்தக் கூண்டைப் பற்றித்தான். கிளிகள் உட்காரக் குறுக்கே போட்டிருப்பது, துணி ரோல் சுற்றி வரும் பிளாஸ்டிக் பைப்பின் துண்டுகள். எல்லாம் ஒரே தடிமன். மேலே பனியன் துண்டுகள் சுற்றியிருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் பச்சைக்கிளிகள் வந்து உட்காரும்போது பார்க்கிறேன். ஒரு கால் தடித்த இடத்தில் இருக்கும், மறுகால் மெலிந்த இடத்தில் இருக்கும். நகம் பட்டையைக் கவ்வியிருக்கும். நம் காஜாவின் நகத்துக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. தேயாமல் வளைந்து வளர்ந்திருக்கிறது. அடிப்பாதம் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திச் சிவந்திருக்கிறது.

ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து உள்ளே வைக்கட்டுமா? உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

போனில் பேசச் சொன்னார் முதலாளி. எதிரே ஆள் இல்லாமல் குரல் மட்டும் கேட்டால் எனக்கு வாய் கட்டிவிடும். உங்கள் போனும் அணைத்தே கிடக்கிறதாம். அதனால் காங்கேயம் வழியாகப் போகும் வேனில் டிரைவர் ஆரோக்கியராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

செல்லத்தாய்


காங்கேயம்,
12.9.2008

செல்லத்தாயிக்கு,

உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. எட்டாவதோடு ஏன் நிறுத்தினார்களோ.

கொப்பு வைக்கக் கூடாது. அந்த அறைக்குள் எதையும் வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

அந்தப் பைப்பில் துணி சுற்றியது என் வர்ஷினி. அரைப் பரீட்சை லீவில் கட்டிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து, கழித்துப் போட்ட துண்டுகளில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "பைப்பு சில்லுன்னு இருக்குதும்மா, அதுகளுக்குக் காலு குளிராதா?" என்றாள். ரோஸ் ஒன்று, பச்சை ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுற்றினாள். சட்டைப் பட்டனும் அது நுழையும் துளையுமாகப் பட்டன், காஜா என்று பெயர் வைத்ததும் அவள்தான். "பட்டன் எங்க போனாலும் காஜாவுக்குள்ளதான வரோணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். மாசி மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கையால் செய்து முடித்தது என்று அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று கம்பெனியில் ஆளுக்கொன்று சொல்வார்கள். நானே சொல்லிவிடுகிறேன். கீழே நிட்டிங் மிஷின் ஓடும்போது அந்த வீட்டில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் வர்ஷினி எதாவது வேண்டுமென்றால் நகத்தால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவாள். டிக், டிக், டிக். அது மட்டும் மிஷின் இரைச்சலுக்குள் ஊசிபோல வரும். தட்டினால் நான் போவேன். ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை.

அவள் போன பிறகும் அந்தச் சத்தம் வந்தது. கரண்ட் போய் மிஷின்கள் நின்றால் மேலே அவள் அறையிலிருந்து டிக், டிக். ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். நின்றுவிடும். உன் முதலாளி, "எலி ஓடுது, நீ போயி வேலையப் பாரு" என்றார். பிறகு யாரோ ஒருவனை அழைத்துவந்து சாம்பிராணி போட்டு, மணியடித்து, அனுப்பிவைக்கப் போவதாகச் சொன்னார். பெற்ற பிள்ளையை எங்கே அனுப்புவது? அன்றைக்கே கிளம்பி என் அப்பன் ஊட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ எனக்கு ஒன்று மட்டும் எழுது. கரண்ட் போகும்போது சத்தம் வருகிறதா?

சாரதாமணி


அனுப்பர்பாளையம்,
19.9.2008

அம்மாவுக்கு,

வருகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. காதுக்குள் அடைத்த பஞ்சை எடுத்ததுபோல இருந்தது. அப்போது மேலேயிருந்து டிக், டிக் என்று கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடி ஒரு டிக். என் கையிலிருந்த கரண்டி தொட்டியில் விழுந்தது. கரண்டி விழுந்த சத்தத்துக்கு அது நின்றது. பிறகு மறுபடி வந்தது.

மேலே போக எனக்குத் தைரியம் வரவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றேன். மாடிப்படியின் அடியில் முதலாளியின் செருப்பு மட்டும் கிடந்தது. ஆள் இல்லை. அவர் கீழே கம்பெனியில் இருப்பார் என்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் இன்னும் பயந்து உள்ளே போய்விட்டேன். கரண்ட் வந்த பிறகு எட்டிப் பார்த்தேன், செருப்பும் இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. காலையில் நான் தீனி வைக்கப் போனால் கிண்ணத்தில் ஏற்கெனவே தினை நிறைந்திருக்கிறது. நான் வைக்கவில்லை. வேறு யாரும் அந்த அறைக்கு வருவதில்லை. இதை யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, சத்தம் வரும்போதே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். நீங்கள் சொன்னதுபோலவே நின்றுவிட்டது. அறை அப்படியே இருந்தது. கிளிகள் இரண்டும் அசையாமல் என்னையே பார்த்தன.

அப்போதுதான் இதைக் கவனித்தேன். காஜாவின் இடது காலில் ரோஸ் நூல் ஒன்று தெரிகிறது. பனியன் துணி பின்னிய துணி, அம்மா. வெட்டிய ஓரத்தில் ஒரு பின்னல் கண் அவிழ்ந்தால் அடுத்த கண்ணும் அவிழ்ந்துகொண்டே வரும். டேபிளில் நாள் முழுக்க அந்த நூலைத்தான் வெட்டினேன், எனக்குத் தெரியும். வளைந்த நகம் நூலில் மாட்டியிருக்கிறது. இழுக்க இழுக்க விரலைச் சுற்றி இறுகியிருக்கிறது. விரல் வீங்கிவிட்டது.

நீங்கள் எதையும் எடுக்கக் கூடாது என்றீர்கள். அந்த ஒரு நூலையாவது எடுக்கலாமா?

செல்லத்தாய்


காங்கேயம்,
23.9.2008

கண்ணு செல்லத்தாயி,

உன் கடிதத்தில் "வருகிறது" என்ற சொல்லை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என் அண்ணியிடம் காட்டினேன். "பாருங்கோ, எனக்கொண்ணும் பைத்தியமில்லீங்க, ஊட்டுல இருக்கற புள்ளைக்கும் கேக்குது" என்றேன். அண்ணி காப்பி வைக்கப் போய்விட்டார்.

நீ எனக்காக ஒன்று செய். கரண்ட் போகும் நேரம் உனக்குத் தெரியும். அதற்கு முன்பே அறைக்குள் போய் உட்கார்ந்துகொள். கதவைத் திறப்பதால்தான் அவள் நிறுத்திவிடுகிறாள். முன்பே இருந்தால் நிறுத்த மாட்டாள். தட்டும்போது, நான் சொல்வதுபோலச் சொல். "வந்துட்டேன் கண்ணு." அவ்வளவுதான், வேறெதுவும் வேண்டாம். நான் வந்து நிற்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பது அவள் பழக்கம். நான் இங்கே இருக்கிறேன். யாரும் பதில் சொல்லாமல் எவ்வளவு நேரம்தான் தட்டுவாள்?

பயப்படாதே. அவள் யாரையும் ஒன்றும் செய்கிறவள் இல்லை. உன்னைவிடச் சின்னவள்.

காஜா காலுக்கு மஞ்சள் வை.

சாரதாமணி


அனுப்பர்பாளையம்,
3.10.2008

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். மதியம் கரண்ட் போவதற்கு முன்பே போய்ப் பீரோ ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நான் உட்கார்ந்தால் ஆள் இருப்பதே தெரியாது என்று கம்பெனியில் கேலி செய்வார்கள். மருதாள் அக்கா ஒரு நாள் துணிக்கட்டை என் மடியிலேயே இறக்கிவிட்டு, "அடி ஆத்தி, நீயா? நான் ஸ்டூலுன்னுல்ல நெனச்சேன்" என்றார். கிளிகளும் கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிட்டன.

மிஷின்கள் நின்றன. சத்தம் வந்தது. எனக்குப் பக்கத்திலேயே வந்தது.

அது காஜா, அம்மா.

பைப்பில் நிற்க முடியாமல் கூண்டின் அடியில் இறங்கி நடக்கிறது. அடியில் தகரத் தட்டு. வளர்ந்த நகம் தட்டில் படும்போது டிக், டிக் என்கிறது. வலிக்கும் காலை ஊன்றுவதற்கு முன்னால் தயங்குகிறது. அப்போதுதான் அந்த இடைவெளி. கதவைத் திறந்தால் பயத்தில் அப்படியே நின்றுவிடும்.

ஆனாலும் நீங்கள் சொல்லச் சொன்னதை நான் சொன்னேன். "வந்துட்டேன் கண்ணு." என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. காஜா நடையை நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு கம்பிக்குப் பக்கத்தில் வந்து அந்தக் காலைத் தூக்கியது. வலியில்தான் தூக்கியிருக்கும். எனக்கு என்னவோ என்னிடம் காட்டியதுபோல இருந்தது. வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

உங்களைக் கேட்காமல் செய்தேன். காஜாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிசிறு வெட்டும் சின்னக் கத்திரியால் அந்த நூலை வெட்டினேன். நூல் தோலுக்குள் போயிருந்தது. விரல் நுனி கறுத்துவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். உடனே, "வண்டியில கொண்டுட்டுப் போங்க" என்றார். ஆரோக்கியராஜ் அண்ணனும் நானும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங், காலையில இருந்து காங்கேயம் காளையா பாத்துட்டு இருக்கறேன். இதுக்குக் காலு எங்கிருக்குதுன்னு கண்ணாடி போட்டுத்தான் தேடோணும்" என்றார். ஆனால் நன்றாகப் பார்த்தார். அந்த விரல் நுனி விழுந்துவிடும், மற்றது பிழைக்கும் என்றார். பைப்பு, துணி இரண்டையும் எடுத்துவிட வேண்டுமாம். மருந்தடிக்காத மரத்தின் கொப்பு, பட்டையோடு, தடித்ததும் மெலிந்ததுமாக வைக்க வேண்டுமாம். ஒவ்வொன்றிலும் கால் வேறு மாதிரி மடங்கினால்தான் ஒரே இடம் அழுந்தாது, நகமும் தானாகத் தேயும். நகம் தேயப் பைப்பிலேயே உப்புத்தாள் சுற்றலாமா என்று ஆரோக்கியராஜ் அண்ணன் கேட்டதற்கு, "உங்க பாதத்துக்கு அதுல செருப்புத் தெச்சுப் போட்டுப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க" என்றார்.

நகத்தைத் தானே கொஞ்சம் வெட்டிவிடட்டுமா என்றும் டாக்டர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். நான் கூடையை மூடிக்கொண்டேன். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நகம் குறைந்தால் சத்தம் போய்விடும்.

கொப்பு வைத்தால் காஜா தட்டில் இறங்காது. நடந்தாலும் கேட்காது. வைக்காவிட்டால் காஜா நிற்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செல்லத்தாய்


அனுப்பர்பாளையம்,
14.10.2008

அம்மாவுக்கு,

வேன் இரண்டு தடவை காங்கேயம் போய்வந்துவிட்டது. பதில் இல்லை. "ஏ செல்லத்தாயி, அப்பிடி என்னத்தடி எழுதுன? நான் கவரை நீட்டுனா, அந்தம்மா கோர்ட்டுச் சம்மன் மாதிரில்ல வாங்குறாக" என்று ஆரோக்கியராஜ் அண்ணன் கேட்கிறார்.

காஜா இப்போது தட்டிலேயே கிடக்கிறது. இரவில் பட்டனும் இறங்கி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தட்டில் துணி விரித்தால் காஜாவுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் சத்தமும் நின்றுவிடும். அதனால் விரிக்காமல் இருக்கிறேன். அப்படி இருப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எழுதியது உங்களை வருத்தியிருந்தால் மன்னியுங்கள். பார்த்ததைத்தான் எழுதினேன்.

செல்லத்தாய்


காங்கேயம்,
20.10.2008

செல்லத்தாயிக்கு,

உன்னைத் திரும்ப டேபிளுக்கே அனுப்பச் சொல்லி அவருக்குக் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. உன் கடிதத்தையும் அடுப்பில் போட எடுத்துப்போனேன். போடவில்லை.

காய்ச்சலில் கிடந்தபோது வர்ஷினிக்கு நகம் வளர்ந்திருந்தது. போர்வையில் மாட்டுகிறது என்றாள். நகவெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்த நேரத்தில் நகம் வெட்டுவார்களா என்று சுற்றியிருந்தவர்கள் என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். "நாளைக்கு வெட்டிக்கலாம் கண்ணு" என்றேன். "சரிம்மா" என்றாள். மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அவள் கையை எனக்குத் தரவில்லை. வளர்ந்த நகத்தோடுதான் போனாள்.

நகச் சத்தம் என்று நீ எழுதியதும் எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்கு எப்போதோ தெரிந்ததை வேறொருத்தி எடுத்துச் சொன்னதுபோல இருந்தது. எந்த நகமாக இருந்தால் என்ன, இன்னொரு தடவை நாளைக்கு என்று சொல்ல எனக்கு வாயில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு கோணிப்பை வரும். எங்கள் தோட்டத்துக் கொய்யாவில் நானே அரிவாள் எடுத்து வெட்டியது. அந்த மரத்துக்கு மருந்து அடிப்பதில்லை. கட்டைவிரல் தடிமனில் இரண்டு, சுண்டுவிரல் தடிமனில் ஒன்று, நடுவில் முண்டும் முடிச்சுமாக ஒன்று. நேரான கொப்பைத் தேடிப் போனேன், பிறகு கோணலானதே நல்லது என்று பட்டது. கழுவி வெயிலில் காயவை. பிறகு வை. அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் வை.

அவள் சுற்றிய துணியை எறிந்துவிடாதே. பிரித்து மடித்து, அதே கோணிப்பையில் எனக்கு அனுப்பு.

வைத்த பிறகு கரண்ட் போகும்போது எப்படி இருக்கிறது என்று எழுது. எனக்காக எதையும் மறைக்காதே.

சாரதாமணி


அனுப்பர்பாளையம்,
17.11.2008

அம்மாவுக்கு,

நான் கொப்பு வைத்தது வெள்ளிக்கிழமைதான். மழை விட்டு வெயில் வரக் காத்திருந்ததில் அப்படி அமைந்துவிட்டது.

துணியைப் பிரிக்கும்போது நூல் அறுந்துவிடாமல் பிரித்தேன். உள்சுற்றில் நிறம் வெளுக்காமல் அப்படியே இருந்தது. உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

தடித்த கொப்பைத் தூங்கும் இடத்தில் மேலே கட்டினேன். முடிச்சு உள்ளதைத் தீனிக் கிண்ணத்துக்கு முன்னால் வைத்தேன். அங்கேதான் காஜா அதிக நேரம் நிற்கும், நகம் அங்கே தேயட்டும் என்று. சுண்டுவிரல் கொப்பைத் தட்டிலிருந்து சாய்வாக மேலே ஏற்றிவைத்தேன், நொண்டிக்கொண்டே ஏற வசதியாக. முதல் நாள் இரண்டும் பயந்து மூலையில் ஒட்டிக்கொண்டன. பிறகு பட்டன் ஏறிப் பட்டையைக் கடித்துத் துப்பியது. சண்டைக்குப் போவதுபோலக் காஜாவும் ஏறியது. காலை ஊன்றியது, தூக்கியது, இன்னொரு இடத்தில் ஊன்றியது. அப்புறம் தூக்கவில்லை.

விரல் நுனி விழுந்துவிட்டது. ஆறிவிட்டது. மீதி விரல்களால் கொப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பாதத்தில் சிவப்பு குறைந்துவிட்டது.

சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரேயடியாக நிற்கவில்லை. தீனி சிந்தினால் காஜா தட்டில் இறங்கும், அப்போது கேட்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கிக்கொண்டே வந்தது, யாரோ நடந்து நடந்து தூரமாகப் போவதுபோல. நான் மட்டும் தினமும் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன்.

இன்று மதியம் கரண்ட் போனது. மிஷின்கள் அடங்கின. கிளிகள் இரண்டும் மேல் கொப்பில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. சத்தம் இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது. எங்கோ வேன் ஹார்ன் அடித்தது. அறை அவ்வளவு வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஏனோ எனக்கு அழுகை வந்தது.

அப்போது கதவுக்கு வெளியே யாரோ மூச்சு விடுவது கேட்டது. பீரோவோடு ஒட்டிக்கொண்டேன். கதவு மெதுவாகத் திறந்தது.

முதலாளி நின்றார். வெறுங்கால். படியில் ஏறும் சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். சட்டைப் பை ஓரத்தில் இரண்டு மூன்று தினை மணிகள் ஒட்டியிருந்தன. நான் பீரோ ஓரத்தில் இருந்தது அவருக்கு முதலில் தெரியவில்லை. கூண்டைப் பார்த்துக்கொண்டு, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை.

"ரண்டு நாளாச் சத்தத்தையே காணமே கண்ணு" என்றார்.

எலி ஓடுகிறது என்று உங்களிடம் சொன்னவர்தானே என்று நினைத்தேன்.

"படி திரும்புற எடத்துல நின்னாலே நல்லாக் கேக்கும்" என்றார். "உள்ள வந்தா நின்னுபோகும். அதான் கரண்டு போற நேரத்துல வர்றதில்ல."

காஜா கொப்பில் ஓர் அடி நகர்ந்தது. சத்தமே வரவில்லை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

நான் சுவர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பாயில் அவருக்கு இடம் விட்டேன்.